வாடை மாறிய வருஷம்

எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது என் கணவர் பட்டாளத்தில் இருந்தார். உலக யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்து லாரி ஓட்டுகிறார் என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் கடைசியாக லீவில் வந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ராஜபாளையத்து வீட்டில் மாமியார், கொழுந்தன், நான் என்று மூன்றே பேர். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். பருத்தி போடும் புஞ்சையையும், சுந்தரபாண்டியத்தில் தனக்குச் சீதனமாக வந்த தோட்டத்தையும் அத்தைதான் ஆள்விட்டு நடத்திவந்தார். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்கு மறுபேச்சு இருக்காது.

காய்ச்சல் நாட்களைப் பற்றி எனக்கு நேராக அநேகமாக எதுவும் தெரியாது. சன்னி கண்டு பிதற்றினேனாம். யாரையும் அடையாளம் தெரியவில்லையாம். அத்தையும் கொழுந்தனும் மாறி மாறி விழித்திருந்து என்னைப் பிழைக்கவைத்தார்கள். அத்தை கண்ணயரும்போது நெற்றியில் ஈரத்துணி மாற்றியதும், கஞ்சித் தெளிவைக் கரண்டியால் புகட்டியதும் கொழுந்தன்தான். நான் எழுந்து உட்கார்ந்தபோது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மிச்சத்தை மழித்துவிட்டு முந்தானையால் மூடிக்கொண்டேன்.

மூக்கும் போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் பால் அடிப்பிடித்து வீடெல்லாம் நாறியபோது, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அத்தை பின்கட்டிலிருந்து ஓடிவந்து சட்டியை இறக்கினார். நோயில் கிடந்தவள் அசதியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். நானும் விளக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, மிளகாய் நாக்கைச் சுட்டது. அதற்கு மேல் எதுவும் இல்லை. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் எனக்கு ஒன்றாகிவிட்டன. உயிர் மிஞ்சியதே பெரிது, இதைப் போய்ச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன்.

மாசங்கள் சில போயின. தலையில் முடி முள் முள்ளாக வளரத் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் அத்தை காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காப்பி கிடையாது. அத்தைக்கு மட்டும் அந்த ஒரு பழக்கம். நான் முற்றத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று மூக்குக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. வாசனை திரும்பிவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடியே குடலைப் பிரட்டியது. செத்த எலி, பொசுங்கிய மயிர், கெட்டுப்போன முட்டை என்று பின்னால் பலரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதுவும் பொருந்தாது. அதற்கு முன் நான் முகர்ந்தே இராத வாடை அது. பெயர் இல்லாத ஒன்றைச் சும்மா விடப் புத்திக்கு மனம் வரவில்லை. தனக்குத் தெரிந்த அருவருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் ஒட்டிப் பார்த்தது. நான் வாசலுக்கு ஓடி, கழிவுநீர் ஓடும் வாறுகாலில் குனிந்து வாந்தியெடுத்தேன்.

எதிர்வீட்டு அம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அத்தையை அண்ணி முறை வைத்து 'வதினா' என்று கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். விளக்குமாற்றை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். 

அன்று முதல் வெங்காயம் வதக்கினாலும், பூண்டு நசுக்கினாலும், கடுகு தாளித்தாலும் எனக்கு அந்த ஒரே வாடைதான். தேங்காய் எண்ணெயும் அதுதான். மல்லிகைப் பூவும் அதுதான். என் சொந்த வேர்வையே அப்படி நாறியது. அடுப்பங்கரையில் எலி செத்துக் கிடக்கிறது என்று அத்தையிடம் அடித்துச் சொன்னேன். அத்தை நம்பினார். ஆள் வைத்துக் கூரை ஓட்டைப் பிரித்துப் பார்த்தார். அடுக்கியிருந்த விறகையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டார். எலி இல்லை. அப்படியானால் கிணற்றில்தான் ஏதோ விழுந்திருக்கிறது என்றேன். கிணற்றையும் இறைத்தார்கள். எப்போதோ விழுந்த ஒரு செம்பு கிடைத்தது, அவ்வளவுதான். அத்தை குழம்புச் சட்டியைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்து ஆழமாக முகர்ந்தார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய பார்வை மாறியது அப்போதுதான்.

ஓரிரு நாளில் எதிர்வீட்டு அம்மாள் வந்தார். நான் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பருத்தி எடுப்புக்கு ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசிவிட்டு, புறப்படும்போது ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"பெரியவன் லீவுல வந்துட்டுப் போனானா வதினா? நான் பாக்கவே இல்லியே."

அத்தை "இல்ல" என்றார். அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை என்னை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். "ஏட்டி, நீ வீட்டுக்குத் தூரமாகி எம்புட்டு நாளாச்சு?"

எங்கள் வீட்டில் மாதவிலக்கு என்றால் பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டு. மறைக்க முடியாத விஷயம். காய்ச்சலுக்குப் பிறகு நான் அந்தப் பாயை விரிக்கவே இல்லை. உடம்பில் ரத்தம் வற்றிக் கிடந்ததுதான் காரணம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்று அத்தைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மருமகள் வாந்தியெடுக்கிறாள், தாளிப்பு வாடை ஆகவில்லை, தூரம் நின்றிருக்கிறது. இதை எந்தப் பெண்ணும் ஒரே விதமாகத்தான் கூட்டிப் பார்ப்பாள். இன்னொரு வீட்டுப் பெண்ணாக இருந்தால் நானும் அப்படித்தான் கூட்டியிருப்பேன். வீட்டில் இருந்த ஆண்பிள்ளையோ ஒருவர்தான்.

மறுநாளே கொழுந்தனை சுந்தரபாண்டியம் தோட்டத்துக்குப் போய்த் தங்கச் சொன்னார் அத்தை. காவலுக்கு ஆள் வேண்டுமாம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பாமலே போனார். போவதைத் தெரு பார்த்தது.

என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிவிடும்படி கெஞ்சினேன். அப்பா அங்கே கோர்ட்டில் அமீனா. அம்மாவும் இருந்தாள்.

"இப்ப ஒன்னைய அனுப்புனா பேறுகாலத்துக்கு அனுப்பிட்டாகன்னு சொல்லுவாக," என்றார் அத்தை. "நீ வெளிய வந்தா வாந்தியெடுக்க. அதப் பாக்க நாலு பேரு நிக்காக. எனக்கு ஒரு முடிவு தெரியிற மட்டும் உள்ள இரு."

உள்ளே என்றால் குலுக்கை அறை. நெல் கொட்டிவைக்கும் மண் குலுக்கை இரண்டும், பருத்திவிதை மூட்டைகளும் இருந்த இடம். கூரையை ஒட்டி ஒரு கை நுழையும் அளவுக்குச் சின்ன ஓட்டை. காலையும் மாலையும் அத்தை கதவைத் திறந்துவிடுவார்; மற்ற நேரமெல்லாம் வெளியே நாதாங்கி. முதல் நாள் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. பழைய நெல்லிலும் சாக்கிலும் அந்த வாடை இல்லை. வயிறு பிரட்டாமல் மூச்சு விட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

நிம்மதி நீடிக்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் காது கூர்மையாகிவிடுகிறது. தெருவில் யாராவது சிரித்தால் அது என்னைப் பற்றி. பேச்சு சட்டென்று தணிந்தால் அதுவும் என்னைப் பற்றி. பருத்தி வண்டி வாசலில் நின்றால், அப்பா வந்துவிட்டார், விஷயம் கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது என்று குலுக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். வண்டிக்காரன் மாட்டை அதட்டிக்கொண்டு போன பிறகும் வெளியே வரமாட்டேன். அத்தை தட்டை எப்படி வைக்கிறார் என்ற சத்தத்தை வைத்தே அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று கணக்குப் போட்டேன். மெதுவாக வைத்தால் இரக்கம். டங்கென்று வைத்தால் வெறுப்பு. அவருக்குக் கை வலியும் உண்டு என்பதை நான் யோசிக்கவே இல்லை.

பிறகு ஒரு மத்தியானம் என் வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது.

எனக்கு அது வரை பிள்ளை உண்டானதில்லை. ஆனாலும் அசைவு இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் பேசிக் கேட்டதுதான். கையை வைத்துப் பார்த்தேன். மறுபடி அசைந்தது. நடக்க முடியாத காரியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் கையை எடுக்க முடியவில்லை. நினைவு தப்பிக் கிடந்த நாட்களை எண்ணத் தொடங்கினேன். என்னிடம் இல்லாத நாட்கள் அவை. அவற்றில் என்ன நடந்ததென்று நான் எப்படிச் சத்தியம் செய்ய முடியும்? ஒரு கை என் நெற்றியைத் தொட்டது மட்டும் ஞாபகம் இருந்தது. பெரிய கை. அதுவரை என்னைக் காப்பாற்றிய கையாக இருந்தது, அந்த அறைக்குள் வேறு கையாக மாறத் தொடங்கியது. அத்தையும் எதிர்வீட்டு அம்மாளும் சேர்த்துக் கூட்டிய கணக்கை நானும் கூட்டிவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு மூட்டை மேல் சாய்ந்து கிடந்தேன். அதற்கு மேல் எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை.

மாலையில் அத்தை கதவைத் திறந்தபோது, "அத்த, வயித்துல ஏதோ அசையிது" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அத்தை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. விடிந்ததும் புறப்படத் தயாராக இரு என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்களைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். காலை பஸ்ஸிலேயே போனோம். யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் இறங்கி நடக்க வேண்டும். புகை உள்ளே வந்தபோது பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முந்தானையையும் துண்டையும் எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பல மாசங்களுக்குப் பிறகு, ஊரார் மூக்கும் என் மூக்கும் ஒரே விஷயத்தைச் சொன்ன இடம் அந்தப் பஸ்தான்.

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்துப் பார்த்தார். எழுந்து கையைக் கழுவிக்கொண்டே, "கர்ப்பமெல்லாம் ஒண்ணும் இல்ல. சாப்பாடு இல்லாத குடல் பொரளுது" என்றார். அத்தை நகரவில்லை. அப்படியானால் இந்த வாந்தி எதற்கு, வாடை வாடை என்கிறாளே அது எதற்கு என்று கேட்டார். நடந்ததையெல்லாம் நான் சொன்னேன். காய்ச்சலைப் பற்றி டாக்டரம்மா நிறையக் கேட்டார். பிறகு என் கண்ணைக் கட்டச் சொல்லி, சின்னச் சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாக என் மூக்கருகே பிடித்தார். ஒன்று வெறுமனே இருந்தது. ஒன்று சுரீரென்றது. மூன்றாவதில் நான் தலையைப் பின்னால் இழுத்து ஓங்கரித்தேன்.

கட்டை அவிழ்த்தபோது அந்தக் குப்பி அத்தை கையில் இருந்தது. மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பன்னீர்.

"மூக்கு சேதிய மட்டுந்தான் கொண்டுபோகும்," என்றார் டாக்டரம்மா. "இது இன்னதுன்னு சொல்றது மூளை. காய்ச்சல்ல நடுவுல உள்ள தந்திக் கம்பி அறுந்துபோச்சு. இப்பத் திரும்ப ஒட்டுது, ஆனா தப்புத் தப்பா ஒட்டுது. போகப்போகச் சரியாகும். எல்லாம் சரியாகும்னு சொல்லமாட்டேன்."

 வீட்டுக்கு வந்ததும் குலுக்கை அறைக் கதவிலிருந்த நாதாங்கியை ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார். பிறகு என்னை உட்காரவைத்து, எதெது ஆகும், எதெது ஆகாது என்று ஒவ்வொன்றாக முகரவைத்துப் பார்த்தார். சூடாக எதுவும் ஆகவில்லை. ஆறிப்போனவை பரவாயில்லை. நீராகாரம், வெள்ளரிக்காய், நுங்கு, புளிக்காத தயிர். தாளிக்காத குழம்பு ஒன்றை எனக்கென்று தனியாக வைத்து, ஆறவிட்டுக் கொடுத்தார். காப்பிக்கொட்டை வறுப்பதை நிறுத்திவிட்டார். என்னைத் தப்பாக நினைத்துவிட்டதாக ஒரு நாளும் சொன்னதில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் விடிந்ததும் பஸ் ஏறியதையும், பொழுது சாயும் நேரம் நான் வெளுத்த முகத்தோடு இறங்கியதையும் தெரு பார்த்திருந்தது. டாக்டரம்மா வீட்டுக்குப் போனதும் எப்படியோ தெரிந்துவிட்டது. வயிறு பெருக்கவில்லை என்பது எனக்குச் சாட்சியாகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவே எனக்கு எதிராகப் போயிற்று. கலைத்துவிட்டு வந்துவிட்டார்கள் என்று பேச்சு. இரண்டு மாசம் கழித்து எனக்கு மறுபடி தூரம் வந்தது. அத்தை என் தனிப் பாயைப் பின்கட்டில் போடாமல் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி பக்கவாட்டுச் சந்தில் போட்டார். வெட்கத்தில் குன்றிப்போனேன், ஆனாலும் அத்தை எதற்காகச் செய்கிறார் என்று புரிந்து உட்கார்ந்திருந்தேன். கலைத்த பிறகு வரத்தானே செய்யும் என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னதாகக் காதில் விழுந்தது. என்ன செய்தாலும் அதற்கு ஒரு அர்த்தம் ஏற்கெனவே தயாராக இருந்தது. கொழுந்தனுக்குப் பேசிவைத்திருந்த பெண்வீட்டார், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

யுத்தம் முடிந்து என் கணவர் வந்தபோது என் மூக்கு பாதிக்குமேல் தேறியிருந்தது. வெங்காயம் வெங்காயம்போல் இல்லாவிட்டாலும் வேறு ஏதோ ஒன்றாக, பொறுத்துக்கொள்ளக்கூடியதாக ஆகியிருந்தது. ஆனால் அவர் பயணக் களைப்போடு கிட்டே வந்து நின்றபோது அவருடைய வேர்வையில் அந்தப் பழைய வாடை வந்தது. என்னை அறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார்.

அவர் காதுக்கும் விஷயம் போயிருந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அவரோடு பட்டாளத்தில் இருந்தாராம். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு முற்றத்தில் வைத்து, என்ன நடந்தது என்று அத்தையிடம் கேட்டார். நான் அடுப்பங்கரையில் நின்றிருந்தேன்.

"அவளுக்கு மூக்குதான் கெட்டுப்போச்சு, வேறொண்ணும் கெடல," என்றார் அத்தை. "கேக்கணும்னா என்னையக் கேளு. அவள ஒரு வார்த்த கேட்ட, இந்த வீட்டுல ஒனக்குச் சோறு கெடையாது."

அவர் என்னைக் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அத்தை எனக்குக் கட்டிய வேலி அது. வேலிக்குள்ளே நானும் மாட்டிக்கொண்டேன். அவர் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். கேட்காததால், அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நானே கேள்வியும் பதிலுமாக இருந்தேன். சாப்பிடும்போது அவர் பேசாமல் இருந்தால் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். பிறகு, குழம்பில் உப்பு கூடியிருந்தது தெரியவரும். எனக்குத் தலைப்பிள்ளை உண்டானபோது ஒரு நாள்கூட வாந்தி இல்லை. நன்றாகச் சாப்பிட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது அவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் என்பதால் மதுரை பஸ்ஸில் அவருக்கு டிரைவர் வேலை கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு பார்த்துக் குடிவந்தோம். அத்தை ராஜபாளையத்தை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். கொழுந்தன் சுந்தரபாண்டியம் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. அறுப்பு முடிந்தால் எங்களுக்கு நெல் மூட்டை கொண்டுவருவார். வண்டியை வாசலில் நிறுத்தி, மூட்டையைப் படியில் இறக்கிவைத்துவிட்டு, "அண்ணே" என்று குரல் கொடுப்பார். அண்ணன் வேலைக்குப் போயிருந்தால் உள்ளே வரமாட்டார். எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு தடவை சித்திரை வெயிலில் அப்படி வந்தார். மதுரைக்குப் போன பஸ் திரும்ப வர மாலையாகும். மரத்தடி நிழலும் விலகிவிட்டது. நான் கதவைச் சுவரோடு சுவராக விரியத் திறந்துவிட்டு, வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"தம்பி, உள்ள வந்து உக்காருங்க. கதவு தெறந்துதான் இருக்கு."

"இருக்கட்டும் மதினி. அண்ணன் வந்துரட்டும்."

"இங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பாக்குறவுகளுக்குத் தெரியுமா மதினி?" என்றார்.

காய்ச்சலில் என் நெற்றியைத் தொட்ட அந்தப் பெரிய கை எந்தக் கை என்று அன்றைக்கு அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், அந்த அறையில் நான் என்ன நினைத்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். மோரில் உப்புப் போட்டுச் செம்போடு வெளியே எடுத்துக்கொண்டு போனேன். தெருவின் நடுவில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் நின்று கொடுத்தேன். அவர் எழுந்து நின்று வாங்கி, அண்ணாந்து குடித்தார். என் கையில் தராமல் செம்பைத் தரையில் வைத்தார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.